அயிலையின் செவுளில் கிடைத்த உயிரி புதிய சிற்றினமா? புதியது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கரைமடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குளச்சலுக்கு அருகிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கி வந்த அயிலை மீனை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு மீனின் இடப்பக்கச் செவுள்மூடி மட்டும் சற்றுப் புடைத்திருப்பதைக் கண்டு தூக்கிப் பார்த்தேன். உள்ளே, செவுள் இழைகளை ஓரமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு, பாலேட்டின் நிறத்தில் ஓர் உயிரி படுத்திருந்தது. இடுக்கியால் இழுத்தபோது வரவில்லை. ஒவ்வொரு காலாகக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மீன் விற்கும் அம்மாவிடம் மறுநாள் காட்டியபோது, "பேன்தான் சார், தூக்கிப் போடுங்க" என்று முடித்துவிட்டார்.

தூக்கிப் போட மனம் வரவில்லை. அளந்து பார்த்ததில் நீளம் 26 மில்லிமீட்டர் இருந்தது. கால்கள் ஏழு இணை, ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. வயிற்றுப் பக்கத்தில் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு பைபோல இருந்தன. அதைத் திறந்தவுடன் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கொட்டின. இணையத்தில் தேடியதில் நோரிலெக்கா இண்டிகா என்ற ஐசோபாடு (நண்டு, இறாலுக்கு உறவான ஓர் ஓட்டுடலி வகை) ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் எனக்கு உறுத்துகின்றன. முதலாவது, நான் பார்த்த படங்களில் உடல் ஒரு பக்கமாக வளைந்திருக்க, என்னிடம் உள்ளது அதற்கு நேர் எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கிறது. இரண்டாவது, கைலென்சில் குஞ்சுகளை எண்ணிப் பார்த்தபோது அவற்றுக்கு ஆறு இணைக் கால்கள்தாம் இருந்தன. ஐசோபாடு என்றால் ஏழு இணை இருக்க வேண்டும் என்றே நான் வகுப்பில் சொல்லி வருகிறேன்.

இது இதுவரை விவரிக்கப்படாத சிற்றினமாக இருக்க வாய்ப்பு உண்டா? உண்டென்றால் அதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? முனைவர் பட்டம் இல்லாத ஒருவர் ஒரு சிற்றினத்தை விவரித்துப் பெயரிட முடியுமா? மாதிரியைப் பள்ளி ஆய்வகத்து ஃபார்மலினில் போடலாமா என்று யோசித்து, கடைசியில் மருந்துக் கடையில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன். மீனின் தலை குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. இல்லத்தரசியின் பொறுமை எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

---

நெய்தல் ஆய்வர் எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில், ஃபார்மலினில் போடாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி. ஃபார்மலினில் உருவம் நன்றாக நிற்கும், மரபணு சிதைந்துவிடும். முடிந்தால் இன்றே 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலுக்கு மாற்றிவிடுங்கள். குஞ்சுகளைத் தனிக் குப்பியில் வையுங்கள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று இருக்க வேண்டும்: நாள், இடம், மீன், உடலில் எந்த இடம், இடப்பக்கமா வலப்பக்கமா. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். குப்பியின் வெளியே ஒட்டிய சீட்டை எவரும் நம்ப வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வேறுபாடுகளையும், வருத்தத்துடன், நான் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கிறது. செவுள் அறைக்குள் வாழும் சைமோத்தோயிடே குடும்பத்து ஐசோபாடுகளின் உடல், தாம் குடியேறிய அறையின் வடிவத்துக்கு ஏற்பவே வளர்கிறது. இட அறையில் வளர்ந்த பெண் ஒரு பக்கமாகவும், வல அறையில் வளர்ந்த பெண் அதற்கு எதிராகவும் வளையும். ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது தெரிவதைப் போல. படத்தில் இருந்தது எதிர் அறையில் இருந்து எடுத்ததாக இருக்கும். இந்த வளைவை மட்டும் நம்பிச் சிற்றினங்களைப் பிரிக்க முடியாது.

ஆறு இணைக் கால்கள் பற்றிய உங்கள் கவனிப்பு முற்றிலும் சரியானது; அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. தாயின் பையிலிருந்து வெளிவரும் பருவத்துக்கு மான்கா என்று பெயர். அந்தப் பருவத்தில் ஏழாவது மார்புக் கண்டத்தில் கால் முளைத்திருக்காது. தோலுரித்த பிறகே ஏழாவது இணை வரும். பெரிய கண்களும் நீந்துவதற்கான மயிர்களும் கொண்ட அந்தக் குஞ்சுகள் ஒரு மீனைத் தேடிப் பிடித்தாக வேண்டும். முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறுவது இக்குடும்பத்தின் வழக்கம். ஒரு மீனில் முதலில் குடியேறியது பெண்ணாகிவிட்டால், பின்னால் வந்தது ஆணாகவே நின்றுவிடும். ஆகவே உங்களிடம் உள்ள மீன்தலையில் இன்னும் தேட வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

அயிலை எனப்படும் கானாங்கெளுத்தியின் செவுளில், நீங்கள் சொல்லும் அளவிலும் நிறத்திலும் இருப்பது பெரும்பாலும் நோரிலெக்கா இண்டிகாதான். பரங்கிப்பேட்டைக் கடலில் கிடைத்த கானாங்கெளுத்தியிலும் இது பதிவாகியிருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் ஹென்றி மில்ன் எட்வர்ட்ஸ் 1840இல் இதை லிவோனெக்கா என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். விலங்கியலாளர் நீல் புரூஸ் 1990இல் நோரிலெக்கா என்ற புதிய பேரினத்தை நிறுவி அதில் சேர்த்தார். இந்தப் பெயர்களின் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1818இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் வில்லியம் எல்ஃபோர்டு லீச், கரோலின், கரோலினா என்ற பெண்பெயர்களின் இலத்தீன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு நெரோசிலா, அனிலோக்ரா, சிரோலானா எனப் பல பேரினப் பெயர்களை உருவாக்கினார். அந்தக் கரோலின் யாரென்று அவர் சொல்லவில்லை. நோரிலெக்காவும் அதே எட்டு எழுத்துகள்தாம். நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த விளையாட்டு நிற்கவில்லை.

"புதியது" என்பது எப்படி முடிவாகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடலில் கண்டெடுப்பது அதில் மிகச் சிறிய பகுதி. அந்தக் குடும்பத்தில் இன்று 350க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன. ஏற்கப்படாமல் ஒதுக்கப்பட்ட பழைய பெயர்கள் வேறு இருக்கின்றன. உங்கள் கையில் உள்ளது அவற்றுள் எதுவுமில்லை என்று காட்டிய பிறகே அதைப் புதியது என்று சொல்ல முடியும். டென்மார்க்கைச் சேர்ந்த ஷியோட்டேவும் மைனெர்ட்டும் 1879க்கும் 1884க்கும் இடையே எழுதிய இலத்தீன் விளக்கங்களைப் புரட்டாமல் இந்தக் குடும்பத்தில் எவரும் ஒரு பெயரையும் வைக்க முடியாது. விளக்கம் போதவில்லை என்றால், அந்த விளக்கத்துக்கு அடிப்படையான மூல மாதிரி எந்த அருங்காட்சியகத்தின் எந்தக் குப்பியில் இருக்கிறது என்று தேடி, அதை நேரில் பார்க்க வேண்டும். சில குப்பிகள் உலர்ந்து போயிருக்கும். சில மாதிரிகளின் கால்கள் உடைந்து அடியில் கிடக்கும். புதிய சிற்றினம் ஒன்றை அறிவிக்க ஆகும் காலத்தில் பெரும்பகுதி இப்படிப் பழைய குப்பிகளின் முன்னால்தான் கழிகிறது.

---

இழுவலை எழுதியது:

கரைமடி ஐயாவுக்கு வணக்கம். நெய்தல் ஆய்வர் சொன்னவற்றோடு என் சொந்த அனுபவம் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். இதைப் படித்தாவது இன்னொருவர் தப்பிக்கட்டும்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, துறைமுக ஏலக்கூடத்தில் ஒரு கூடை முரல் மீனை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முரலின் செவுளில் மோத்தோசியா என்ற பேரினம் வழக்கமாக இருக்கும். எனக்கும் அதுவே கிடைத்தது. கூடையின் அடியில், பனிக்கட்டி நீரில், அதற்குச் சற்றும் ஒத்துவராத வேறொன்று தனியாகக் கிடந்தது. முரலில் அதுவரை எவரும் பதிவு செய்யாத உருவம். எட்டு மாதம் வாயுறுப்புகளையும் கால்களையும் வரைந்தேன். ஓம்புயிரி, அதாவது ஒட்டுண்ணி தங்கி வாழும் மீன், முரல்; எனவே இது புதியது என்பதே என் வாதத்தின் முதுகெலும்பு. கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: இதை நீங்கள் மீனின் உடலிலிருந்து எடுத்தீர்களா, கூடையிலிருந்து எடுத்தீர்களா?

அந்தக் கூடையில் எனக்கு முன் என்ன மீன் இருந்தது என்று விசாரித்தபோது, கானாங்கெளுத்தி என்றார்கள். மீன் இறந்து பனிக்கட்டியில் கிடக்கும்போது இந்த உயிரிகளுள் சில பிடியை விட்டுவிடும். கூடை மாறும், மீன் மாறும். ஒட்டுண்ணியைப் பொறுத்தவரை ஓம்புயிரி எது என்ற தகவல் விளக்கத்தின் பாதி. அது பிழைத்தால் மற்ற பாதியும் சாயும். அன்று முதல், மீனின் உடலில் பற்றியிருக்கும் நிலையிலேயே படம் எடுக்காத எந்த மாதிரியையும் நான் ஓம்புயிரியோடு சேர்த்து எழுதுவதில்லை. ஓம்புயிரி மீனையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, அதன் துடுப்புத் துணுக்கு ஒன்றையும் எத்தனாலில் வைத்துக்கொள்வேன். கானாங்கெளுத்தியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

நீங்கள் செவுளிலிருந்து உங்கள் கையால் ஒவ்வொரு காலாகக் கழற்றி எடுத்திருக்கிறீர்கள். அந்த வகையில் உங்கள் மாதிரி என்னுடையதைவிட மதிப்பு மிக்கது.

---

கரைமடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வகுப்பில் இதுவரை சொல்லி வந்ததைத் திருத்த வேண்டிய கட்டாயத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மரபணுவை வாசித்துவிட்டால் இத்தனை வரைபடங்களும் பழைய குப்பிகளும் எதற்கு? இது புதியதல்ல என்றாகிவிட்டால், என்னிடம் உள்ள மாதிரியால் யாருக்காவது பயன் உண்டா?

---

கண்ணாடித்தகடு எழுதியது:

வணக்கம். நான் ஐசோபாடுகளில் அல்ல, மீன்களில் ஒட்டி வாழும் கோப்பிபாடுகள் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகளில் வேலை செய்கிறவள். ஆனாலும் இந்தக் கேள்வி எங்கள் இரு தரப்புக்கும் பொது.

மரபணு வரிசை ஒன்றை வாசித்துவிட்டால், அதை ஒப்பிடுவதற்கு இன்னொரு வரிசை வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ என்ற மரபணுவைத்தான் பெரும்பாலும் வாசிக்கிறோம். 1840இல் விவரிக்கப்பட்ட ஒரு சிற்றினத்தின் மூல மாதிரியிலிருந்து அதைப் பெறுவது பெரும்பாலும் நடவாத காரியம். அப்படியானால், பொதுத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரில் இருக்கும் வரிசை எங்கிருந்து வந்தது? பின்னாளில் யாரோ ஒருவர் ஒரு மாதிரியைப் பார்த்து, உருவத்தை வைத்து, இது இன்ன சிற்றினம் என்று முடிவு செய்து பதிவேற்றியிருப்பார். அவர் தவறியிருந்தால் அந்த வரிசையும் தவறான பெயரோடுதான் நிற்கும். உருவத்தை வாசிக்கத் தெரிந்தவர் எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்; மரபணு அவருக்கு வலுவான சாட்சி, மாற்று அல்ல. ஆணும் பெண்ணும் குஞ்சும் உருவத்தில் வேறுபட்டு நிற்கும் இந்தக் கூட்டத்தில், மூன்றும் ஒன்றே என்று காட்டுவதற்கு மரபணுவைப் போல உதவுவது வேறில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உருவம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு என் உயிரிகள்தாம் நல்ல சான்று. லெர்னியா என்ற கோப்பிபாட்டின் பெண்ணை லின்னேயஸ் புழுக்களோடு சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மீனின் தசைக்குள் நங்கூரம்போல் தலையைப் புதைத்து, காலென்று சொல்லத்தக்க ஒன்றும் வெளியே தெரியாமல், இரண்டு முட்டைச் சரங்களுடன் தொங்கும் ஒன்றை நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்று யார் நினைப்பார்கள்? முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சைப் பார்த்த பிறகே அது ஓட்டுடலி என்பது தெளிவாயிற்று.

ஐசோபாடுகளிலும் நாத்தியா என்றொரு கூட்டம் இருக்கிறது. அவற்றின் குஞ்சுகள் மட்டுமே மீனின் குருதியை உறிஞ்சும்; முதிர்ந்தவை உண்பதே இல்லை, பவளச் சிதைவுகளுக்குள் ஒளிந்திருக்கும். சிற்றினத்தைப் பிரிப்பதோ முதிர்ந்த ஆணின் தலையையும் தாடையையும் வைத்து. ஆகவே மீனில் பிடித்த குஞ்சை வைத்துக்கொண்டு பெயர் சூட்டுவது கடினம். அதை ஆய்வகத்தில் வளர்த்து ஆணாக்கிப் பார்க்க வேண்டும். கரீபியக் கடலின் விர்ஜின் தீவுகளில் கிடைத்த ஒன்றை அப்படி வளர்த்துத்தான் 2012இல் விவரித்தார்கள். பாடகர் பாப் மார்லியின் நினைவாக நாத்தியா மார்லியி என்று பெயரிட்டதால் செய்தித்தாள்களில் வந்தது. பெயருக்குக் கிடைத்த வரிகளில் பத்தில் ஒரு பங்கு அந்த வளர்ப்பு வேலைக்குக் கிடைக்கவில்லை என்பது என் பழைய மனக்குறை.

விவரிப்பது என்றால் என்ன என்பதை ஒரு நாள் வேலையாகச் சொல்கிறேன். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோப்பிபாட்டை லாக்டிக் அமிலத்தில் ஊற வைத்தால், சில மணி நேரத்தில் தசை தெளிந்து உறுப்புகளின் ஓரம் கண்ணாடிபோல் தெரியும். நடுவில் துளையிட்ட ஒரு மரத்தகட்டின் அடியில் கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டி, அதில் ஒரு துளி அமிலத்தைத் தொங்கவிட்டு, அந்தத் துளிக்குள் உயிரியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். 1964இல் ஹியூம்ஸும் குடிங்கும் சொன்ன இந்த மரத்தகட்டு முறையைவிட வசதியானதை இன்னும் நான் பார்க்கவில்லை. பூச்சி குத்தும் ஊசியைத் தீட்டி, முதற்காலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, அதன் கடைசிக் கண்டத்தில் எத்தனை முள், எத்தனை மயிர், எந்த மயிர் இறகுபோல் பிளந்தது என்று எண்ணி, நுண்ணோக்கியில் பொருத்திய வரைகருவி வழியாகப் பென்சிலால் கோடு இழுப்போம். மூச்சைச் சற்று வேகமாக விட்டால் தாடை காணாமல் போய்விடும்; அதைத் தேடியே ஒரு மாலைப்பொழுது போன நாட்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. ஞானமுத்து 1948இல் காலிகஸ் சவாலா என்ற கோப்பிபாட்டை விவரித்தார். நம் ஊர்ச் சாவாளையின் அறிவியல் பெயரிலும் இதே சவாலா உண்டு. திருவனந்தபுரத்தின் என். கிருஷ்ண பிள்ளை கடல்மீன்களின் கோப்பிபாடுகளைப் பற்றி எழுதிய பெருந்தொகுதியை இந்திய விலங்கியல் ஆய்வகம் 1985இல் வெளியிட்டது. அந்தத் தொகுதி மேசைமீது இல்லாமல் இந்தியக் கடலில் எதையும் புதியது என்று சொல்ல எனக்குத் துணிவு வராது.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். குஞ்சு தாங்கிய பெண்ணின் வாயுறுப்புகள் அந்தப் பருவத்துக்கென மாறியிருக்கும். தாடைக்காலில் தகடு விரிந்திருக்கும். ஆகவே விளக்கத்துக்குக் குஞ்சு தாங்காத பெண், ஆண், மான்கா ஆகிய மூன்றும் வேண்டும். உங்களிடம் குஞ்சு தாங்கிய தாயும் அதே தாயின் குஞ்சுகளும் ஒன்றாக இருக்கின்றன. இந்தக் குஞ்சு இந்தச் சிற்றினத்தினுடையது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மாதிரிகள் கிடைப்பது அரிது. பழைய விளக்கம் சுருக்கமாக இருக்கும் ஒரு சிற்றினத்தை நல்ல மாதிரிகளைக் கொண்டு மீண்டும் விவரிப்பது, புதிய பெயர் ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பல நேரங்களில் கூடுதல் பயன் தரும். அதற்குச் செய்தித்தாளில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான்.

இப்போது அந்த மீன்தலை. ஆணைத் தேடுங்கள். பெண்ணின் பாதி அளவோ அதற்கும் குறைவோ இருக்கும்; அதே செவுள் அறையின் மூலையிலோ எதிர்ப்பக்க அறையிலோ, இழைகளுக்கு நடுவே ஒடுங்கியிருக்கலாம். ஒட்டுண்ணி எடுக்கப்பட்ட மீன்களில் பெரும்பாலானவை ஆண் தேடப்படாமலேயே குழம்புக்குப் போய்விடுகின்றன.

---

நெய்தல் ஆய்வர் எழுதியது:

கண்ணாடித்தகடு அம்மையார் எழுதியதற்குப் பின் எனக்கு மிச்சம் இருப்பது சட்டம் மட்டுமே. பட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பு எவருடைய பட்டத்தையும் கேட்பதில்லை. சிற்றினத்தை வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். மூல மாதிரியை, வழக்கமாக ஹோலோடைப் எனப்படும் ஒரே ஒரு மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளிவருவதாக இருந்தால் ஸூபேங்க் என்ற, விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில் முன்னரே பதிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டப்படி, புதிய வகை ஒன்றைக் கண்டறிந்தவர் அதை அறிவித்து, மாதிரியை உரிய களஞ்சியத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் ஹோலோடைப், உரியவரின் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் குப்பிதான்.

பெயர் வைப்பதில் சுதந்திரம் அதிகம். கொல்லத்துக்கு அப்பால் ஆழ்கடலில் வாழும் பச்சைக்கண் மீன் ஒன்றில் கிடைத்த ஐசோபாட்டுக்குப் புரூசெத்தோவா இஸ்ரோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேரினப் பெயர், முன்பு சொன்ன அதே நீல் புரூஸின் நினைவாக. சிற்றினப் பெயர், நம் விண்வெளி நிறுவனத்துக்காக. தன் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை. ஆனால் அப்படிச் செய்தவரோடு யாரும் தேநீர் குடிக்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த ஒரு மீனோடு நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு நாள், அதே கரையில், எத்தனை அயிலை பார்த்தீர்கள், எத்தனையில் இருந்தது, எந்தப் பக்கம் என்று மாணவர்களைக் கொண்டு குறித்து வையுங்கள். இல்லாத மீன்களையும் எண்ண வேண்டும். ஆய்வகங்களில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்த எண்ணிக்கை கிடைப்பதே இல்லை.

---

கரைமடி எழுதியது:

நேற்றிரவு மீன்தலையை வெளியே எடுத்து உருகவிட்டுப் பார்த்தேன். பெண் இருந்த இட அறையில் ஒன்றும் இல்லை; அங்கே செவுள் இழைகள் தேய்ந்து, நுனிகள் குட்டையாகிக் கிடந்தன. வல அறையில், இரண்டாவது செவுள் வளைவுக்கும் மூன்றாவதுக்கும் இடையே, இழையின் நிறத்திலேயே ஒன்று ஒட்டியிருந்தது. இருமுறை பார்த்தும் தவறவிட்டேன். என் மகள்தான் கண் இருப்பதைச் சுட்டிக் காட்டினாள். 11 மில்லிமீட்டர், ஒல்லி, உடலில் வளைவு ஏறத்தாழ இல்லை, ஏழு இணைக் கால்கள். பற்றியிருக்கும் நிலையிலேயே படம் எடுத்துவிட்டு, எத்தனாலில் தனிக் குப்பியில், பென்சில் சீட்டோடு வைத்திருக்கிறேன். துடுப்புத் துணுக்கு எடுக்க இயலவில்லை. உடல் அன்றே குழம்பாகிவிட்டது. கன்னத்துத் தசையிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி வைத்தால் போதுமா?

---

இழுவலை எழுதியது:

போதும் ஐயா. தாராளமாகப் போதும்.